இலை ஏன் நிறம் மாறுகிறது? யாழ்ப்பாணத்து வளவில் நின்று பார்க்க ஒரு வழிகாட்டி

ஒக்டோபர் பிறந்தால் ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவோ லண்டனில் இருக்கும் மாமியோ அனுப்பும் படங்கள் போனுக்கு வரத் தொடங்கும். தெரு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். அதே நாட்களில் இங்கே மாரி தொடங்கி, வேலியும் வயலும் பச்சை பிடித்திருக்கும். "எங்கட மரங்கள் ஏன் அப்பிடி மாறுறதில்லை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

மாறுகின்றன. ஊர் முழுக்க ஒரே காலத்தில் மாறுவதில்லை, அவ்வளவுதான். மாசியில் படலையடிக் கொட்டங்காய் சிவக்கும், பங்குனியில் வேம்பு கொட்டும், பூவரசு ஆண்டு முழுக்க இரண்டு மூன்று மஞ்சள் இலைகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் முற்றம் கூட்டும்போது அத்தனையும் சேர்ந்து குப்பைக் கிடங்குக்குப் போய்விடுகிறது. கூட்ட முன் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தால், கனடாவில் நடக்கும் அதே வேதியியல் அந்த இலையில் இருப்பதைப் பார்க்கலாம்.

அதை எப்படிப் பார்ப்பது, வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்து எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தாவரவியல் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பி, கொஞ்சம் நிற நூல், மருந்துக் கடையில் வாங்கும் ஒரு சிறு போத்தல் சேர்ஜிக்கல் ஸ்பிரிட், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பாவிக்கும் வடிதாள் இரண்டு, தேசிக்காய், அப்பச்சோடா. இவ்வளவும் போதும்.

தொடங்க முன்: குளிர்நாட்டில் என்ன நடக்கிறது

இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு. ரொறன்ரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 44 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. யூன் மாதக் கடைசியில் அங்கே பகல் ஏறக்குறைய 15½ மணித்தியாலம். டிசம்பரில் 9 மணித்தியாலம்தான். யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் குறைவான இடத்தில் இருப்பதால், எங்களுடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான் வித்தியாசம். அங்குள்ள மரம் இரவு நீளுவதை உணர்கிறது. அதோடு குளிரும் சேர்ந்து வர, பனிக்காலம் வருகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். நிலம் உறைந்தால் வேரால் நீர் எடுக்க முடியாது. மெல்லிய அகன்ற இலையை அந்தக் குளிரில் வைத்திருப்பதால் மரத்துக்கு நட்டம்தான்.

ஆனால் இலையை அப்படியே கழற்றி எறிந்தாலும் நட்டம். இலைக்குள் இருக்கும் புரதங்களில் மரம் பாடுபட்டுச் சேர்த்த நைதரசன் இருக்கிறது, பொசுபரசும் இருக்கிறது. பழைய வீட்டை இடிக்க முன் நிலை, கதவு, யன்னல், ஓடு எல்லாவற்றையும் பத்திரமாகக் கழற்றி எடுப்பார்களே, மரமும் அதைத்தான் செய்கிறது. புரதங்களை உடைத்து, திரும்ப எடுக்கக்கூடியதைத் தண்டுக்கும் வேருக்கும் அனுப்பிவிட்டுத்தான் இலையை விடுகிறது.

இங்கேதான் நிறம் வருகிறது. பச்சையம் இலைக்குள் சும்மா மிதப்பதில்லை. புரதங்களோடு பிணைந்து நிற்கிறது. அந்தப் புரதங்களை எடுத்துவிட்டால் தனித்து நிற்கும் பச்சையம் ஆபத்தானது. வெயில் பட்டவுடன் அது சக்தியை வாங்கிக் கலத்தையே சிதைக்கும். ஆகவே மரம் முதலில் பச்சையத்தை உடைத்து நிறமில்லாத, தீங்கில்லாத பொருளாக மாற்றி ஒதுக்கி வைக்கிறது. பச்சை மறைய, அதுவரை அதன் அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. அந்த மஞ்சள் புதிதாக வந்ததல்ல. கரட்டினோயிட்டுகள் என்ற அந்த நிறமிகள் இலை பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தன. கரட், பப்பாசி, பழுத்த கறுத்தக்கொழும்பான், பனம்பழக் களி எல்லாவற்றிலும் இருப்பது இந்தக் குடும்பம்தான்.

சிவப்பின் கதை வேறு. அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் பெரும்பாலான மரங்கள் அந்தக் கடைசி நாட்களில் புதிதாகச் செய்கின்றன. அதற்குச் சீனியும் வெளிச்சமும் வேண்டும். பகல் நல்ல வெயிலாகவும் இரவு குளிராகவும் (ஆனால் உறையாமலும்) இருக்கும் ஆண்டுகளில் மேப்பிள் மிக நன்றாகச் சிவப்பது அதனால்தான். மப்பும் மழையுமாக இருந்தால் சிவப்பு மங்கிவிடும். 1965இல் கனடா தன் கொடியில் ஏற்றியது அந்தச் சிவந்த மேப்பிள் இலையைத்தான்.

விழப்போகிற இலைக்கு மரம் ஏன் இவ்வளவு செலவழிக்கிறது? இதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. உயிரியலாளர்களான டபிள்யூ. டி. ஹமில்டனும் சாம் பிரவுனும் 2001இல் வெளிவந்த கட்டுரையில் ஒரு விளக்கம் சொன்னார்கள்: கடும் நிறம் பூச்சிகளுக்கு மரம் காட்டும் எச்சரிக்கை. இன்னொரு விளக்கம், புரதங்களை உடைத்துச் சத்தை எடுத்து முடியும்வரை வெயிலிலிருந்து இலையைக் காக்கும் திரைதான் சிவப்பு என்பது. எனக்கு இரண்டாவதுதான் கூடுதலாகப் பொருந்துவதாகப் படுகிறது. ஏனென்று கீழே தளிர் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

முதற்படி: மரத்தைத் தெரிவு செய்யுங்கள்

கொட்டங்காய் மரம் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். நூல்களில் நாட்டு வாதுமை என்று போட்டிருப்பார்கள். கடற்கரையோரம், பள்ளிக்கூட வளவு, கோயில் வீதி என்று எங்கும் நிற்கும், அடுக்கடுக்காகக் கிளை விரித்த மரம். பருப்புக்காகக் கல்லால் உடைத்துத் தின்ற மரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். குளிரே இல்லாத ஊரில் இவ்வளவு அழகாகச் சிவக்கும் மரம் வேறில்லை. ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கருஞ்சிவப்பு நான்கையும் ஒரே நாளில் பார்க்கலாம். சில இடங்களில் ஆண்டுக்கு இரண்டு தரம்கூட இலை கொட்டும். ஆகவே ஒருமுறை தவறினாலும் கவலையில்லை.

அடுத்தது பூவரசு. வேலிக் கதியாலாக நட்டது எங்காவது நிற்கும். பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுகிற மரம். இது சிவக்காது, தெளிவான மஞ்சளாகப் பழுக்கும். மஞ்சளுக்கு இதையும் சிவப்புக்குக் கொட்டங்காயையும் எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். சீமைக்கிளுவையும் மஞ்சள்தான், கோடையில் நிறையக் கொட்டும். முள்முருக்கு பூக்கும்போது பெரும்பாலும் இலையின்றி நிற்கும். அது பூத்த பிறகு பார்க்கப் போனால் பிந்திவிடும். பூக்க முந்திய கிழமைகளில் பார்க்க வேண்டும்.

வேம்பைக் கட்டாயம் சேருங்கள். மாசி, பங்குனியில் மஞ்சளாகிக் கொட்டும்; மரம் முழுக்க வெறுமையாகும் முன்னரே செந்தளிர் எட்டிப் பார்க்கும். அதன் பின்னால் பூ. வேப்பம்பூ வடகம் போடுகிற வீடுகளில் இந்த வரிசை ஆண்டுதோறும் கண்ணில் படுவதுதான். திகதி போட்டு எழுதி வைப்பது மட்டும்தான் புதிது.

களப்போரம் இருப்பவர்கள் தில்லை மரத்தையும் பார்க்கலாம். கண்டல் காட்டு மரங்களில் இலை சிவந்து கொட்டுவது இது. ஆனால் இதன் பால் கண்ணில் பட்டால் கடும் ஆபத்து, தோலையும் புண்ணாக்கும். தள்ளி நின்று படம் மட்டும் எடுங்கள். இலையைப் பிடுங்கவோ முறிக்கவோ வேண்டாம், பிள்ளைகளை விடவே வேண்டாம்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அங்குள்ள பெருக்கமரத்தைக் கோடையில் பாருங்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்த அந்த மரம் இங்கேயும் வறட்சிக் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்.

குரோட்டனை விட்டுவிடுங்கள். அதன் நிறம் வளர்ப்பவர்கள் தெரிந்தெடுத்த நிறம், முதுமையோடு வருவதல்ல. போகன்விலாவையும் விடுங்கள், அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

இரண்டாம் படி: நூல் கட்டி, திகதி போடுங்கள்

தெரிந்தெடுத்த மரத்தில் கண் மட்டத்தில் இருக்கும் மூன்று கொப்புகளில் நிற நூல் கட்டுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். ஒவ்வொரு கொப்பிலும் முதிர்ந்த இலை ஒன்று, நடுத்தர இலை ஒன்று, தளிர் ஒன்று என்று குறித்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒருதரம், ஒரே நேரத்தில், ஒரே பக்கத்திலிருந்து படம் எடுங்கள். காலை வெயில் நல்லது. உச்சி வெயிலில் எடுத்தால் நிறம் வெளிறித் தெரியும்.

கொப்பியில் எழுத வேண்டியது: திகதி, இலையின் நிறம், மழை பெய்ததா, கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா. கிணற்றை ஏன் கேட்கிறேன் என்றால், இங்கே மரத்துக்குச் செய்தி சொல்வது குளிர் அல்ல. குடாநாட்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைதான். அதன் பிறகு நீண்ட கோடை. நீர் குறையும்போது முதிர்ந்த, நீரை வீணாக்கும் இலைகளைக் கழிப்பதுதான் இங்குள்ள இலையுதிர் மரங்கள் எடுக்கும் முடிவு. இலையின் வயதும் ஒரு காரணம். இலை பழசாகப் பழசாக வெளிச்சத்தைச் சீனியாக்கும் வேலை குறையும், அதைப் பராமரிக்கும் செலவு மட்டும் மிஞ்சும். மேலே புதிய இலைகள் நிழல் போட்டால் அந்த முடிவு இன்னும் விரைவாக வரும். அதனால்தான் மாரியில்கூடக் கொப்பின் அடியில் ஒன்றிரண்டு மஞ்சள் இலை இருக்கும்.

ஒரு மரத்தை ஓர் ஆண்டு முழுக்கப் பார்த்தால்தான் இது சரியாகத் தெரியும். ஆனால் பழுக்கத் தொடங்கிய ஓர் இலை பெரும்பாலும் சில கிழமைகளுக்குள் விழுந்துவிடும். முதல் பலன் கையில் வர ஆண்டு முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: காம்பைத் தொட்டுப் பாருங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் முக்கியம், இதற்கு ஒரு சாமானும் தேவையில்லை.

நன்றாகப் பழுத்த ஒரு கொட்டங்காய் இலையை விரலால் மெதுவாகக் கீழ்நோக்கித் தட்டுங்கள். சுத்தமாகக் கழன்று வரும். கொப்பில் ஒரு மென்மையான தழும்பு இருக்கும்; பால் வடியாது, பட்டை கிழியாது. இப்போது பக்கத்தில் இருக்கும் பச்சை இலையை அதே மாதிரி இழுத்துப் பாருங்கள். வராது. பலமாக இழுத்தால் பட்டையும் சேர்ந்து கிழியும்.

காம்பின் அடியில் கலங்களாலான ஒரு மெல்லிய படை இருக்கிறது. இலை நல்ல நிலையில் இருக்கும்வரை ஒட்சின் என்ற ஓமோனை அது காம்பு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் படை சும்மா இருக்கும். இலை முதிர்ந்து ஒட்சின் குறைந்தால் எதிலீன் வாயுவின் கை ஓங்கும். அந்தப் படையிலுள்ள கலங்கள் தங்களை ஒட்டவைத்திருக்கும் பசையைத் தாங்களே கரைக்கத் தொடங்கும். மாங்காயைப் பழுக்க வைப்பதும் இதே எதிலீன்தான். இலை விழுந்த இடத்தை மூடத் தக்கையான ஒரு படை வளர்ந்துவிடும், காயம் திறந்திருக்காது.

இதற்கு எதிரான சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. வேலி வெட்டும் காலத்தில் வெட்டிப் போட்ட பூவரசங் கொப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் காற்றில் முறிந்து தொங்கும் ஒரு கிளையைப் பாருங்கள். அதிலுள்ள இலைகள் சுருங்கிக் காயும், கபிலமாகும். ஆனால் அழகான மஞ்சளும் ஆகாது, கழன்று விழவும் மாட்டாது. சருகாகிக் கொப்போடு ஒட்டிக்கொண்டே நிற்கும். ஆட்டுக்குக் குழை வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நிழலில் காயவைத்த முருங்கை இலை பச்சையாகவே இருப்பதும் இதே காரணத்தால்தான். பச்சையத்தை ஒழுங்காக உடைக்கவும் காம்பைப் பிரிக்கவும் உயிருள்ள கலங்கள் வேண்டும். சட்டென்று செத்த இலைக்கு அந்த வேலையைச் செய்ய நேரம் கிடைப்பதில்லை. அப்படியானால் நிறம் மாறுவது சாவின் அடையாளம் அல்ல. இலை உயிரோடு இருந்து செய்கிற கடைசி வேலை.

பனையிலும் வாழையிலும் இந்தப் பரிசோதனை சரிவராது. வாழைச்சருகு தண்டோடு தொங்கும், காவோலை வெட்டும்வரை வட்டைச் சுற்றிக் கிடக்கும். இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள். கொட்டங்காய் மாதிரிக் காம்பைச் சுத்தமாகக் கழற்றிவிடும் ஏற்பாடு அவற்றில் இல்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், காயமுன் அவையும் மஞ்சளாகித்தான் காய்கின்றன.

நான்காம் படி: பச்சைக்குள் இருக்கும் மஞ்சளைப் பிரித்தெடுங்கள்

மஞ்சள் ஏற்கெனவே அங்கே இருந்தது என்று சொன்னேன். அதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

வடிதாளை இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில், ஒரு குவளையின் உயரத்துக்கு நாடாவாக வெட்டுங்கள். அடியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் மேலே பென்சிலால் ஒரு கோடு. பேனாவால் போட வேண்டாம், மையும் கரைந்து ஓடும். கடும்பச்சையான ஓர் இலையை, பசளி நல்லது, கோட்டின்மேல் வைத்து ஒரு நாணயத்தின் விளிம்பால் அழுத்தி உருட்டுங்கள். தாளில் பச்சைக் கோடு பதியும். காயவிட்டு, இலையின் வேறு பகுதியை வைத்து அதே கோட்டின்மேல் திரும்பத் திரும்ப உருட்டுங்கள். கோடு கருமையாக வரும்வரை செய்ய வேண்டும். இதில் பொறுமை குறைந்தால் முடிவும் மங்கலாகத்தான் வரும்.

குவளையில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஸ்பிரிட் விடுங்கள். நாடாவை ஒரு பென்சிலில் ஒட்டி, அதன் நுனி மட்டும் ஸ்பிரிட்டைத் தொட, பச்சைக் கோடு மேலே நிற்கும்படி தொங்கவிடுங்கள். மேலே ஒரு தட்டால் மூடி, அசைக்காமல் அரை மணித்தியாலத்துக்கு மேல் விடுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். குசினியில் செய்ய வேண்டாம். விளக்கு, அடுப்பு, சாம்பிராணி ஒன்றும் பக்கத்தில் இருக்கக் கூடாது. யன்னலைத் திறந்து வையுங்கள், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

ஸ்பிரிட் தாளில் ஏற ஏற நிறமிகளையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் கரையும் அளவும் தாளில் ஒட்டும் அளவும் வேறு என்பதால், ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் நிற்கும். பச்சைக்கு மேலே ஒரு மஞ்சள் பட்டை பிரிவதைப் பார்ப்பீர்கள். பச்சையே இரண்டு சாயலாக, ஒன்று நீலம் கலந்ததும் மற்றது மஞ்சள் கலந்ததுமாகப் பிரிந்தால் உங்கள் கோடு நன்றாகப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். அவை இரண்டு வகைப் பச்சையங்கள். தெளிவாக வராவிட்டால் அசற்றோன் உள்ள நகப்பூச்சு அகற்றும் திரவத்தை ஸ்பிரிட்டுக்குப் பதிலாகப் பாவித்துப் பாருங்கள், பெரும்பாலும் நன்றாகப் பிரியும். அதுவும் தீப்பிடிக்கும், கவனம்.

இரண்டாவது நாடாவில் பழுத்த பூவரசம் இலையை உருட்டுங்கள். பச்சைப் பட்டை இல்லாமல் அல்லது மிக மங்கலாக, மஞ்சள் மட்டும் ஏறும். இரண்டு நாடாவையும் பக்கத்தில் வைத்தால் விளக்கம் தேவைப்படாது. தாளை வெளிச்சத்தில் வைத்தால் பச்சை மங்கிவிடும். உடனே படம் எடுத்துவிட்டு, கொப்பிக்குள் ஒட்டி மூடி வையுங்கள்.

இந்த முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயர். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் சுவெட் 1900களின் தொடக்கத்தில் கண்ணாடிக் குழாயில் சோக்குத் தூளை நிரப்பி, இலைச் சாற்றை அதனூடாக விட்டு நிறமிகளைப் பிரித்தார். 1906இல் அதற்கு இந்தப் பெயரையும் வைத்தார். இன்று மருந்து, உணவு, குருதி எல்லாவற்றையும் பரிசோதிக்கும் ஆய்வுகூடங்களில் இருக்கும் ஒரு பெரிய முறை, இலை ஏன் பச்சை என்று ஒருவர் நோண்டிப் பார்த்ததில் பிறந்தது. பச்சையத்தின் நடுவில் மகனீசியம் இருப்பதைக் காட்டிய ரிச்சர்ட் வில்ஸ்ரற்றருக்கு 1915இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மகனீசியம் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் உங்கள் தோட்டத்துக்கும் உதவும்.

ஐந்தாம் படி: சிவப்பைத் தேசிக்காயால் சோதியுங்கள்

முதலில் செவ்வரத்தம்பூவில் பழகுங்கள். நாலைந்து பூவிதழைக் கிள்ளிச் சுடுநீரில் போட்டு நிறம் இறங்கவிடுங்கள். வடித்து மூன்று சிறு கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஒன்றில் தேசிக்காய்ப் புளி சில துளி: பளிச்சென்று சிவக்கும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா: நீலமாகவோ பச்சையாகவோ மாறும். மூன்றாவதை ஒப்பிடுவதற்காக அப்படியே விடுங்கள். புளிப்பில் ஒரு நிறம், காரத்தில் இன்னொரு நிறம் என்று மாறுவது அந்தோசயனினின் குணம். கத்தரிக்காய்த் தோலின் ஊதாவும் நாவற்பழத்தின் நிறமும் இந்தக் கூட்டம்தான்.

பிறகு அதையே சிவந்த கொட்டங்காய் இலையில் செய்யுங்கள். இலையைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் இடித்து, சுடுநீரில் ஊறவையுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த இலையில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருப்பதால் நீர் தேயிலைச் சாயம் மாதிரிக் கபிலமாகத்தான் இறங்கும், சிவப்பு அதற்குள் மறைந்துவிடலாம். அதிகம் ஊறவிடாமல் சில நிமிடத்தில் வடித்தால் மாற்றம் ஓரளவு தெரியும். விழுந்த இலை சில நாளில் கபிலமாகிப் போவதும் இந்தத் தனின் போன்ற பொருட்களால்தான். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் அழிந்த பிறகு கடைசியில் மிஞ்சும் நிறம் அது.

போகன்விலாவை ஏன் விடச் சொன்னேன்? அதன் நிறமும், பீற்றூட், சிவப்புக் கீரை ஆகியவற்றின் நிறமும் பீற்றலெயின் என்ற வேறு குடும்பம். தேசிக்காய்க்கு அது செவ்வரத்தை மாதிரி மாறாது. ஒரு தாவரத்தில் அந்தோசயனின் இருந்தால் பீற்றலெயின் இருக்காது, அது இருந்தால் இது இருக்காது. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் தாவரத்தை இயற்கையில் இதுவரை யாரும் காணவில்லை. எனக்கு இதில் தீராத வியப்பு.

ஆறாம் படி: நிழல் விழுந்த இடம்

சிவந்த இலைகளைப் பொறுக்கும்போது, ஓர் இலையின்மேல் இன்னோர் இலை மூடிக் கிடந்ததைத் தேடுங்கள். மூடியிருந்த பகுதி பெரும்பாலும் மஞ்சளாகவும், வெயில் பட்ட பகுதி சிவப்பாகவும் இருக்கும். நீங்களே செய்ய விரும்பினால், நிறம் மாறத் தொடங்கும் இலையொன்றின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, கடதாசிக் கிளிப்பால் பிடித்து விடுங்கள். மஞ்சளுக்கு வெளிச்சம் தேவையில்லை, சிவப்புக்குத் தேவை.

பிறக்கும்போதும் சிவப்பு

குளிர்நாட்டுக்காரருக்கு அவ்வளவாகக் கிடைக்காத ஒன்று எங்களிடம் நிறைய இருக்கிறது. மா துளிர்விடும் காலத்தில் மரத்தைப் பாருங்கள். செப்பு நிறத்தில், வாடியது போலத் தொங்கும் மாந்தளிர். அரசந்தளிரும் வேப்பங்கொழுந்தும் அப்படித்தான். அந்தச் சிவப்பும் அந்தோசயனின்தான். தேசிக்காய்ப் பரிசோதனையை மாந்தளிரிலும் செய்து பாருங்கள்.

தளிரில் பச்சையமும் அதைத் தாங்கும் புரதங்களும் இன்னும் முழுதாகக் கட்டப்படவில்லை. பழுக்கும் இலையில் அவை கழற்றப்படுகின்றன. இரண்டு நிலையிலும் கடும் வெயிலைத் தாங்கும் வல்லமை குறைவு, இரண்டு நிலையிலும் சிவப்பு வருகிறது. வெயில் திரை என்ற விளக்கத்தை நான் கூடுதலாக நம்புவது இதனால்தான். தளிர் முற்றி உரம் ஏறியதும் சிவப்பு மறைந்து பச்சை பிடித்துவிடும். நூல் கட்டிய கொப்பில் அது எத்தனை நாளில் நடக்கிறது என்று குறித்து வையுங்கள்.

எல்லா மஞ்சளும் முதுமை அல்ல

இலையைப் பார்க்கப் பழகியவுடன், தோட்டத்தில் காணும் மஞ்சளெல்லாம் இயல்பான பழுப்புத்தான் என்று விட்டுவிடக் கூடாது. எந்த இலை முதலில் மஞ்சளாகிறது, நரம்பு என்ன நிறம் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளாகி, மேலே செழிப்பாக இருந்தால் அது வயது. அடி இலைகள் நிறைய ஒரே சீராக வெளிறி, செடியும் வளராமல் நின்றால் நைதரசன் குறைவு என்று சந்தேகிக்கலாம். பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கும். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக நிற்க இடையில் மட்டும் மஞ்சளானால் மகனீசியக் குறைவு. அதே தோற்றம் இளம் இலையில் முதலில் வந்தால் இரும்புக் குறைவு, ஏனென்றால் இரும்பைப் பழைய இலையிலிருந்து செடியால் லேசில் நகர்த்த முடியாது. எங்கள் நிலத்தின் அடியில் சுண்ணக்கல். சுண்ணாம்பு கூடிய காரமண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாத வடிவில்தான் இருக்கும். ஆகவே உரம் போட்டும் தளிர் வெளிறுகிறது என்றால் இதை நினைத்துப் பாருங்கள்.

வெண்டியில் நேரெதிராக நரம்பு மஞ்சளாகி இடையில் பச்சை நின்றால் அது பசளைப் பிரச்சினை அல்ல, வெள்ளை ஈ பரப்பும் வைரசு நோய். அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுவதுதான் மற்றச் செடிகளுக்கு நல்லது. மாரியில் பப்பாசி திடீரென்று முழுக்க மஞ்சளானால் முதலில் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்கியிருக்கலாம். வாய்க்கால் வெட்டி வடியவிட வேண்டும், உரம் போட்டுப் பயனில்லை.

நீங்களாக முடிவுக்கு வர முடியாவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். ஒரு மஞ்சள் இலையை மட்டும் பிடுங்கிக் கொண்டுபோகாமல், அதே செடியின் முதிர்ந்த இலை, நடு இலை, தளிர் மூன்றையும் ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கிழமை வாரியாக எடுத்த படங்களும் போனில் இருந்தால், மஞ்சள் எந்த இலையில் தொடங்கி எங்கே பரவியது என்பதை அவரும் பார்த்துக்கொள்ளலாம்.